பொருந்தாத ரேம்

களக்காடு
22 ஜூலை 2024

தாணு அண்ணனுக்கு,

ஷம்ஸியா எழுதுகிறேன். உங்கள் சிநேகிதர் அசன் மைதீனின் வீட்டுக்காரி. அவர் மவுத்தாகி இன்றோடு முப்பத்திரண்டு நாள் ஆகிறது. மையத்தை அடக்கத்துக்கு எடுத்த அன்று நீங்கள் எதிர்வீட்டுச் சுவரோரம் ஒற்றையாக நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அன்றைக்கு எதுவும் சொல்ல முடியவில்லை. வந்ததற்கு இப்போது நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பீர்கள். நான் இத்தாவில் இருக்கிறேன். நான்கு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு இறங்கக் கூடாது, அந்நிய ஆண்கள் முன்னால் வரக் கூடாது. போனில் பேசுவது குற்றம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பேசினால், என்ன பேசினேன் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். "எழுதுறதுன்னா எழுது. எனக்குப் படிச்சுக் காட்டிட்டு அனுப்பு. அவன் எழுதுறதையும் படிச்சுக் காட்டணும்" என்று அவருடைய உம்மா, என் மாமி, சொல்லிவிட்டார். மாமிக்குக் கண்ணில் புரை விழுந்து எழுத்து மங்கிவிட்டது. ஆனாலும் எத்தனை தாள் வந்திருக்கிறது என்று விரலால் தடவி எண்ணிவிடுவார்.

விஷயம் இதுதான். நாங்கள் கல்யாண ஆல்பம் செய்வது உங்களுக்குத் தெரியும். நாங்குநேரி ஸ்டூடியோக்காரர் வன்னியராஜ் அண்ணாச்சி படங்களைக் கொடுத்தனுப்புவார். என் வீட்டுக்காரர் பக்கம் பக்கமாக அடுக்குவார், நான் நிறம் திருத்துவேன். இப்போது இரண்டு வேலையும் எனக்குத்தான். ஒன்பது வருஷத்துக்கு முன் நீங்கள் பூட்டிக் கொடுத்த அதே கம்ப்யூட்டர், அதே நாலு ஜிபி ரேம். நாற்பது படத்தைச் சேர்த்துத் திறந்தால் அப்படியே நின்றுவிடுகிறது. வைகாசி, ஆனியில் நடந்த மூன்று கல்யாணம் பாக்கி கிடக்கிறது. ஆவணி பிறந்து மூன்று நாளைக்குள் தராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அண்ணாச்சி சொல்லியனுப்பிவிட்டார். எனக்கும் என் மகள் ஹம்னாவுக்கும் மாமிக்கும் சோறு போடுவது இந்த ஒரு வேலைதான்.

அவர் கடைசியாகப் போனதும் இதற்காகத்தான். முதல் நாள் டவுணில் உங்கள் கடையில் வாங்கி வந்த எட்டு ஜிபி ரேமை மாட்டிப் பார்த்துவிட்டு, "ஏதோ கோளாறா இருக்கு, தாணுகிட்ட மாத்திட்டு வாரேன்" என்று மறுநாள் நான்கு மணிக்கு பைக்கை எடுத்தார். அவர் வந்ததாகவும், நீங்கள் வேறு மாற்றிக் கொடுத்ததாகவும், டீ குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கிளம்பியதாகவும் மாமியிடம் சொன்னீர்கள். திரும்பி வரும்போது பாதி வழியில், மூன்றடைப்புப் பக்கம் லாரிக்காரன் அடித்துவிட்டுப் போய்விட்டான்.

போலீஸ் ஸ்டேஷனில் இருந்து என் அண்ணன் ரசீத் ஒரு பை வாங்கி வந்தார். வாட்ச், உடைந்த போன், மணிபர்ஸ், பிளாஸ்டிக் டப்பாவில் அந்த ரேம். போன் நொறுங்கிக் கிடக்கிறது, டப்பாவில் ஒரு கீறல்கூட இல்லை.

அதை நானே மாட்டிக்கொள்கிறேன். மெக்கானிக் யாரும் வீட்டுக்குள் வர முடியாது. எப்படி மாட்டுவது என்று எழுதுங்கள்.

மாமி ஒன்று கேட்கச் சொல்கிறார். அன்றைக்கு அவர் குடித்த டீயில் சீனி போட்டிருந்ததா?

ஷம்ஸியா

---

திருநெல்வேலி டவுண்
27 ஜூலை 2024

ஷம்ஸியாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நான் எழுதுவதை உம்மா கேட்டுக்கொண்டிருப்பார் என்ற நினைப்போடுதான் எழுதுகிறேன். நல்லதாகப் போயிற்று. கடையில் நான் பேசினால் நிறுத்த மாட்டேன் என்று மைதீன் கேலி செய்வான். எழுதும்போது அந்தச் சங்கடம் இல்லை.

ரேம் மாட்டுவது பெரிய வித்தை இல்லை. ஆனால் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது சில உண்டு. கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் இடது பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். பின்னால் இரண்டு திருகாணிதான். உள்ளே நீளமான பள்ளம் மாதிரி இரண்டு காடி இருக்கும். ஒன்றில் பழைய ரேம் நிற்கும், ஒன்று காலியாக இருக்கும். பழையதின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ளதை ஒரு எழுத்து விடாமல் எழுதி அனுப்புங்கள். விண்டோஸ் அறுபத்துநாலு பிட்டா, முப்பத்திரண்டா என்றும் பாருங்கள். முப்பத்திரண்டு என்றால் எத்தனை ஜிபி போட்டாலும் நாலுக்கு மேல் எடுத்துக்கொள்ளாது.

ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். அந்தப் பையில் வந்த ரேமை மாட்டாதீர்கள். கீழே விழுந்த சாமான். வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே விட்டுப்போயிருக்கும். அதை மாட்டி போர்டும் போய்விட்டால் ஆல்பம் வேலை அத்தோடு நின்றுவிடும். நான் வேறு ஒன்று அனுப்புகிறேன்.

டீயைப் பற்றி உம்மா கேட்டது. சீனி போட்டுத்தான் குடித்தான். ஸ்ட்ராங்காக, இரண்டு கரண்டி சீனியோடு.

தாணுமாலையன்

---

களக்காடு
31 ஜூலை 2024

தாணு அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். இரண்டு கரண்டி சீனி என்ற இடத்தில் மாமி சிரித்துவிட்டார். நாற்பது நாளில் முதல் தடவை. "திருட்டுப் பய. இவ டப்பாவப் பூட்டி வச்சா அவன் டவுணுக்குப் போயி குடிக்கான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறகு அழுதார்.

அவருக்குச் சுகர் இருந்தது உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. மார்ச்சில் டாக்டர் சொன்ன அன்று சீனியை விட்டவர். பக்ரீத்துக்குக் கிண்டிய பாயசத்தை ஹம்னா ஊட்டப் போனபோது உதட்டை மூடிக்கொண்டார். டவுணில் வந்து குடித்தார் என்றால் குடித்திருக்கட்டும். எனக்குத் தெரியாமல் குடித்தாரே என்று ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருந்தது. யாரிடம் போய்க் கோபப்பட?

பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒட்டடையும் தூசியும் விரல் கனத்துக்கு இருந்தது. ஹம்னா டார்ச் பிடித்தாள். வெள்ளைச் சேலையோடு தரையில் குத்தவைத்துப் பெட்டியை நோண்டுகிறேனே என்று மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பழையதில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன். 4 ஜிபி, டிடிஆர் 3, பிசி 3. விண்டோஸ் அறுபத்துநாலு பிட்தான்.

பையில் வந்த ரேமிலும் பார்த்தேன். 8 ஜிபி, டிடிஆர் 4, பிசி 4 என்று இருக்கிறது. மூன்றைவிட நாலு புதுசுதானே, இன்னும் வேகமாக ஓடும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் வேறு அனுப்ப வேண்டாம். அவர் எனக்கென்று கடைசியாக வாங்கியது இது. இதைத்தான் மாட்டுவேன். போனால் போகட்டும் என்று ஒரு தடவை மாட்டிப் பார்க்கிறேன். எந்தப் பக்கம் எதைப் பார்த்து இருக்க வேண்டும், எவ்வளவு அமுக்க வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள்.

ஷம்ஸியா

---

திருநெல்வேலி டவுண்
4 ஆகஸ்ட் 2024

ஷம்ஸியாவுக்கு,

தயவுசெய்து அமுக்காதீர்கள். இந்தக் கடிதம் வருவதற்குள் மாட்டிப் பார்த்திருந்தால் பையப் பைய வெளியே எடுத்துவிடுங்கள்.

மூன்றும் நாலும் வேறு வேறு சாதி. புதுசு பழசு என்ற பேச்சே இல்லை. ரேமின் அடியில் தங்க நிறத்தில் பல் வரிசை இருக்கும், நடுவில் ஒரு வெட்டு இருக்கும். காடியில் அந்த வெட்டுக்கு நேராக ஒரு மேடு இருக்கும். மூன்றுக்கு ஒரு இடத்தில், நாலுக்குச் சற்றுத் தள்ளி. மாற்றிப் போட்டுவிடக் கூடாது என்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். உங்கள் போர்டில் மூன்றுதான் இறங்கும். நாலை வைத்து அமுக்கினால் காடி பிளந்துவிடும். அப்புறம் பழையதும் நிற்காது.

மைதீன் வந்த அன்று கடையில் கோயில் தேருக்கு வந்த கூட்டம். அவசரத்தில் மாற்றிக் கொடுத்ததும் தப்பாகவே கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது. சரியான ரேமை, டிடிஆர் 3, எட்டு ஜிபி, கடையிலேயே வேறு ஒரு மெஷினில் போட்டு ஓட்டிப் பார்த்து, களக்காடு பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன். வியாழக்கிழமை மத்தியானம் ரசீத் அண்ணனை பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. கடைக்காரன் பக்கம் தப்பு என்றால் சாமானைக் கடைக்காரனே பஸ்ஸில் ஏற்றி அனுப்புவதுதான் எங்கள் தொழிலில் வழக்கம். வாங்கியவரை அலைய விட மாட்டோம்.

எப்படி மாட்டுவது என்று அடுத்து விவரமாக எழுதுகிறேன். அதுவரை பெட்டியை மூடி வையுங்கள்.

தாணுமாலையன்

---

களக்காடு
9 ஆகஸ்ட் 2024

தாணு அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தை மாமிக்குப் படித்துக் காட்டவில்லை. மாமி மத்தியானத் தொழுகை, லுஹர், தொழுதுவிட்டுப் படுத்திருக்கிறார். சாயங்காலம் ஹம்னா கடைக்குப் போகும் வழியில் தபால்பெட்டியில் போட்டுவிடுவாள்.

நீங்கள் அனுப்பிய ரேம் வந்துவிட்டது. பிரிக்காமல் வைத்திருக்கிறேன். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே பையில் வந்ததை மாட்டிப் பார்த்துவிட்டேன். இறங்கவில்லை. நீங்கள் சொன்ன அந்த வெட்டு ஒரு நகக்கண் அளவு தள்ளி இருந்தது. அதன் இரண்டு ஓரத்திலும் பச்சைப் பலகை லேசாக நசுங்கியிருக்கிறது. நான் அமுக்கியது அல்ல. நான் தொடும்போதே அப்படித்தான் இருந்தது. ஆக, நான் கையில் வைத்திருக்கிறது என் வீட்டில் யாரோ அமுக்கிப் பார்த்த ரேம். நீங்கள் மாற்றிக் கொடுத்த ரேமை அவர் எப்போது இங்கே வந்து அமுக்கினார்?

ரசீத் அண்ணன் இன்சூரன்சுக்காக எஃப்ஐஆர் நகல் வாங்கி வந்தார். விபத்து நடந்த நேரம் மாலை நான்கு ஐம்பது என்று போட்டிருக்கிறது. எங்களுக்கு ஆஸ்பத்திரியில் இருந்து போன் வந்தது ஆறரைக்கு. அதனால் அன்றைக்கு நேரத்தை யாரும் யோசிக்கவில்லை. நான்கு மணிக்கு இங்கிருந்து கிளம்பியவர் டவுணுக்கு வந்து, டீ குடித்து, சிரித்து, நான்கு ஐம்பதுக்கு மூன்றடைப்புக்குத் திரும்பி வந்தாரா? பைக் கிடந்தது திருநெல்வேலிக்குப் போகும் பக்கம் என்றும் எழுதியிருக்கிறது.

அவர் உங்கள் கடைக்கு வந்தாரா?

இன்னொன்றையும் கேட்கிறேன். கடைக்காரன் தப்பு என்றால் சாமான் பஸ்ஸில் வரும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு ஏன் பஸ்ஸில் வரவில்லை?

உங்களைக் குடைவதற்காகக் கேட்கவில்லை. இந்த வீட்டில் என் நிலைமை உங்களுக்குத் தெரியாது. அன்று மத்தியானம் நான் அவரிடம் கத்தினேன். "இந்தப் பெட்டிய வச்சுட்டு நான் சாகுதேன், இன்னைக்கே ஒரு வழி பண்ணுங்க" என்றேன். மாமி அடுப்படியில் இருந்து கேட்டார். துக்கம் கேட்க வருகிற ஒவ்வொருவரிடமும், "பொட்டி பொட்டின்னு நச்சரிச்சு எம்புள்ளைய ரோட்டுக்கு அனுப்பிட்டா" என்கிறார். நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து கேட்கிறேன். எழுந்து போக இடமில்லை, இத்தா. நானும் அப்படித்தான் நம்புகிறேன். நான் கத்தாமல் இருந்திருந்தால் அவர் மறுநாள் போயிருப்பார். ஐம்பது நாளாக இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை பெண் முகங்களுக்கு நிறம் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

உள்ளதை எழுதுங்கள்.

ஷம்ஸியா

---

திருநெல்வேலி டவுண்
13 ஆகஸ்ட் 2024

(முதல் தாள்)

ஷம்ஸியாவுக்கு,

மாட்டும் முறை. பிளக்கைப் பிடுங்கிய பிறகு பவர் பட்டனை ஐந்து எண்ணும் வரை அமுக்கிப் பிடியுங்கள், உள்ளே மிச்சமிருக்கும் கரண்ட் இறங்கிவிடும். பெட்டியைத் தரையில் படுக்கப் போடுங்கள். ரேமைத் தொடுவதற்கு முன் பெட்டியின் இரும்பை ஒரு தடவை தொட்டுவிடுங்கள். நம் உடம்பில் இருக்கும் கரண்டே அதற்குப் போதும், செத்துவிடும். பல் வரிசையில் விரல் படக் கூடாது, ஓரத்தில் பிடியுங்கள்.

காலிக் காடியின் இரண்டு முனையிலும் சின்னக் கொக்கி இருக்கும். இரண்டையும் வெளிப்பக்கம் விரியுங்கள். வெட்டும் மேடும் நேருக்கு நேர் வருகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். வந்தால் நேராக வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் இரண்டு முனையிலும் ஒரே சமமாக அமுக்குங்கள். சரியானது என்றால் 'டக்' என்று கொக்கிகள் தானாக மூடிக்கொள்ளும். பழைய ரேமையும் கழற்றி, ஹம்னாவின் அழிரப்பரால் பல்லை லேசாகத் தேய்த்துவிட்டு மாட்டுங்கள். ஸ்விட்சைப் போடும்போது 'பீப் பீப்' என்று கத்தினால் பயப்பட வேண்டாம். ஒழுங்காக உட்காரவில்லை என்று அர்த்தம். கழற்றி மாட்டினால் சரியாகிவிடும். திரையில் பன்னிரண்டு ஜிபி என்று காட்ட வேண்டும்.

(இரண்டாம் தாள்)

இந்தத் தாளை உம்மாவுக்குப் படிப்பதற்கு முன் நீங்கள் ஒரு தடவை தனியாகப் படித்துவிடுங்கள்.

தப்பு என்னுடையது. மூன்றையும் நாலையும் ஒரே டிராயரில் போட்டு வைத்திருந்தேன். புதன்கிழமை மைதீன் வந்து கேட்டபோது ஸ்டிக்கரைப் பார்க்காமல் எடுத்துக் கொடுத்தேன். வியாழன் மத்தியானம் போன் பண்ணினான். "ஏலே, இது உள்ள எறங்க மாட்டேங்குது. நடுவுல இருக்க வெட்டு தள்ளி இருக்கு" என்றான். அந்த ஒரு சொல்லிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கடையில் நாலு பேர் நின்றார்கள். அவர்கள் முன்னால் தப்புச் சாமான் கொடுத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பாலிடெக்னிக் நாளில் இருந்து அவனுக்கு நான்தான் வாத்தியார் மாதிரி. "ஒனக்கு மாட்டத் தெரியலலே, நல்லா அமுக்கு" என்றேன்.

மூன்றரைக்குத் திரும்பவும் கூப்பிட்டான். "அமுக்கிப் பாத்துட்டேன், ஒடஞ்சிரும்போல இருக்கு" என்றான். என் தப்புதான், நீ வராதே என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஐந்து மணி பஸ்ஸில் சரியான ரேம் களக்காட்டுக்கு வந்திருக்கும். "எடுத்துட்டு வா, பாக்கேன். நாளைக்குத் தேரு, கடை தொறக்க முடியாது. இன்னைக்கே வா" என்றேன். நீங்கள் கத்தியதால் அவன் கிளம்பவில்லை. நான் இன்றைக்கே வா என்று சொன்னதால் கிளம்பினான்.

"சரி வாரேன், டீ சொல்லி வை" என்றான். அதுதான் கடைசி.

அவன் வரவில்லை. நான் டீ சொல்லி வைத்தேன். ஏழு மணிக்கு எனக்குச் செய்தி வந்தபோது அது மேஜையில் ஆடை கட்டிக் கிடந்தது. அவனுக்குச் சுகர் என்று எனக்குத் தெரியாது. சீனி போடச் சொல்லியிருந்தேன்.

மறுநாள் உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்புள்ளையக் கடைசியா நீதானடே பாத்தே, என்ன சொன்னான்" என்றார். வரவே இல்லை என்று சொல்ல முடியவில்லை. வந்தான் என்றேன். அப்புறம் டீயும் சிரிப்பும் தானாக வந்து சேர்ந்துகொண்டன. பாதி உம்மாவுக்காகச் சொன்னேன். மீதிப் பாதி எனக்காக. அவன் வந்துவிட்டுத் திரும்பியிருந்தால், அவனை வரச் சொன்னது யார் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள் இல்லையா.

தாணு

---

களக்காடு
19 ஆகஸ்ட் 2024

தாணுமாலையன் அவர்களுக்கு,

ரேம் உட்கார்ந்துவிட்டது. நீங்கள் எழுதிய மாதிரியே 'டக்' என்று சத்தம் கேட்டது. முதல் தடவை போட்டபோது கத்தியது, பழையதைத் தேய்த்து மாட்டியதும் அடங்கிவிட்டது. பன்னிரண்டு என்று காட்டுகிறது. நூறு படத்தைத் திறந்தாலும் நிற்கவில்லை. இரண்டு ஆல்பம் முடித்துக் கொடுத்தாகிவிட்டது, மூன்றாவது நாளைக்குப் போகும். ஆவணி வேலையும் நமக்குத்தான் என்று வன்னியராஜ் அண்ணாச்சி சொல்லியனுப்பியிருக்கிறார்.

இதையும் மாமிக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன். உங்கள் கடிதத்தைத் தபால்காரரிடம் வாங்கியதே மாமி. உறையைத் தடவிப் பார்த்துவிட்டு, "ரெண்டு தாளு இருக்கு, படி" என்று எதிரில் உட்கார்ந்துவிட்டார். முதல் தாளைப் படித்தேன். இரண்டாவதைக் கண்ணால் ஓட்டினேன். "என்னட்டி நிறுத்திட்டே" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆசையாக இருந்தது. நீங்கள் தப்பு ரேமைக் கொடுத்ததை, அமுக்கச் சொன்னதை, இன்றைக்கே வா என்றதை ஒரு சொல் விடாமல் சத்தமாகப் படித்தேன். நான் கத்தியதால் கிளம்பவில்லை என்ற வரியை இரண்டு தடவை படித்தேன். ஐம்பத்தெட்டு நாள் சுமையை இப்போது இறக்கி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். 'டீ சொல்லி வை' வரைக்கும் வந்தேன். அடுத்த வரி, அவன் வரவில்லை.

அதைப் படிக்கவில்லை. தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

உங்களுக்காக நிறுத்தவில்லை. மாமி தினமும் படுக்கும்போது அந்த டீயைப் பற்றித்தான் பேசுகிறார். எந்தக் கடை டீயாக இருக்கும், பாலா, பிஸ்கட் வாங்கிக் கொடுத்திருப்பானா என்று ஹம்னாவிடம் கேட்கிறார். அவருடைய பிள்ளை வெயிலில் தார் ரோட்டில் வெறும் வயிற்றோடு கிடந்தான் என்பதை என் வாயால் சொல்ல என்னால் ஆகவில்லை.

மாமி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தாணு தெரியாமத்தானே குடுத்துட்டான். கை தவறுறது யாருக்கும் உள்ளதுதான். போனவன வெறுங்கையா அனுப்பலல்லா. மாத்திக் குடுத்தான், டீ வாங்கிக் குடுத்தான். இவ சீனி டப்பாவப் பூட்டி வச்சா. எம்புள்ள வாய்க்கு ருசியா கடைசியாக் குடிச்சது அவன் குடுத்த டீதான்."

ஆக, நடக்காத ஒரு டீக்காக உங்களை மன்னித்துவிட்டார். அதே டீயால் என் மேல் இன்னொரு குற்றம் சேர்ந்துவிட்டது. அவர் உயிருக்காக நான் பூட்டிய டப்பா அது.

நான் உங்களை மன்னிக்கவில்லை. ரேம் மாறிப்போனதற்கு அல்ல. அதை மாமி சொன்ன மாதிரி யாருக்கும் உள்ளது என்றே வைத்துக்கொள்ளலாம். நாலு பேர் முன்னால் ஒரு சொல் சொல்ல வெட்கப்பட்டீர்களே, அதற்கு.

ஷம்ஸியா

---

திருநெல்வேலி டவுண்
24 ஆகஸ்ட் 2024

ஷம்ஸியாவுக்கு,

நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். உம்மாவுக்குத் தெரியாமல் உங்கள் கையில் சேர்க்கச் சொல்லி, இதை ரசீத் அண்ணன் விலாசத்துக்கு அனுப்புகிறேன்.

உங்கள் மேல் ஏற்றிய பழியை நான்தான் இறக்க வேண்டும். எப்போது வரலாம் என்று சொல்லுங்கள். உம்மாவின் காலடியில் உட்கார்ந்து, அவன் வரவில்லை, டீ குடிக்கவில்லை, எல்லாம் நான் கட்டிச் சொன்னது என்று சொல்லிவிடுகிறேன். அடித்தால் வாங்கிக்கொள்கிறேன். இப்போது கடையில் மூன்றுக்கும் நாலுக்கும் தனித்தனி டிராயர் வைத்திருக்கிறேன். இதை எதற்கு எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

மத்தியானம் டீ வந்தால் குடிக்க முடிவதில்லை. அனுமதி கொடுங்கள்.

தாணு

---

களக்காடு
28 அக்டோபர் 2024

தாணுமாலையன் அவர்களுக்கு,

இரண்டு மாதம் பதில் எழுதவில்லை. எழுத ஒன்றும் இருக்கவில்லை. முந்தாநாள் என் இத்தா முடிந்தது. இதை எங்கள் தெருக்கோடியில் ஹம்னாவின் ரீபா டீச்சர் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். வாசற்படி இறங்கி முதன்முதலாக வந்தது இங்கேதான். வீட்டில் வைத்து எழுத முடியாது. போன மாதம் மாமிக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்று. இப்போது நன்றாகப் படிக்கிறார். வந்ததும் உங்கள் கடிதங்களைக் கொண்டுவரச் சொல்லி ஒவ்வொன்றாகப் படித்தார். அதற்கு முன்பே அந்த இரண்டாம் தாளையும் உங்கள் கடைசிக் கடிதத்தையும் அடுப்பில் வைத்துவிட்டேன். இரண்டாம் தாள் எங்கே என்று கேட்டதற்கு, எண்ணெய் கொட்டிவிட்டது என்று சொன்னேன். கையில் எது இருந்தாலும் கொட்டிவிடுவேன் என்று அதற்கும் ஒரு ஏச்சு வாங்கினேன்.

நீங்கள் வந்து உண்மையைச் சொல்லி இறக்கி வைத்துவிட்டுப் போகலாம் என்று எழுதியிருந்தீர்கள். நன்றாக இருக்கிறது. நீங்கள் இறக்கிவிட்டு பஸ் ஏறிவிடுவீர்கள். அதற்குப் பிறகு ராத்திரி முழுக்க மாமி பக்கத்தில் படுத்திருக்கப் போவது நானும் என் மகளும். அந்த அனுமதி கிடையாது.

ஆனால் நீங்கள் வர வேண்டும். மாமி உங்களைப் பார்க்க ஆசைப்படுகிறார். கண் தெரிந்ததும் தன் பிள்ளையைக் கடைசியாகப் பார்த்தவனைப் பார்க்க வேண்டும் என்று நச்சரிக்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு வாருங்கள். எதிரில் உட்காரச் சொல்வார், உட்காருங்கள். கையைப் பிடித்துக்கொள்வார். அன்றைக்குப் பிள்ளை என்ன சட்டை போட்டிருந்தான் என்று கேட்டால் நீலக் கோடு போட்டது என்று சொல்லுங்கள். கடையில் எங்கே உட்கார்ந்தான் என்பார், எங்கே என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்ததை மறந்துவிடாதீர்கள். அடுத்த பெருநாளுக்கும் கூப்பிடுவார், அதற்கடுத்த பெருநாளுக்கும் கூப்பிடுவார். ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி சொல்ல வேண்டும்.

இந்த உறையில் அந்த ரேமை வைத்திருக்கிறேன். பிசி 4. உங்கள் கடைக்கு வர வேண்டியது, வந்து சேர நான்கு மாதம் ஆகிவிட்டது. மாற்றித் தர வேண்டாம், விற்கவும் வேண்டாம். ஓரத்தில் அவர் கட்டைவிரல் அமுக்கிய இடம் நசுங்கியிருக்கும்.

கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறது. அதைச் சொல்லக்கூட எனக்கு மனசு வரவில்லை.

வெள்ளிக்கிழமை மாமி டீ போடச் சொல்வார். நான்தான் போட்டு அனுப்புவேன், மிச்சம் வைக்காமல் குடித்துவிடுங்கள். அவன் எத்தனை கரண்டி சீனி போட்டுக் குடித்தான் என்று அப்போது திரும்பவும் கேட்பார். இரண்டு என்று சொல்லுங்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஷம்ஸியா